கேட்காமலே எழுதிய ‘இல்லை’

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. புள்ளியியல் பட்டம் வாங்கி, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்துவிட்டு, நசரத்பேட்டையில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். நான் சும்மா இருப்பதை அம்மா ஒரு நாளைக்குப் பத்து முறையாவது எனக்கு ஞாபகப்படுத்துவார். அதனால் சென்னையையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துச் சுகாதாரக் கணக்கெடுப்பு நடக்கப்போகிறது, மூன்று மாத வேலை என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

வேலை சுலபமானதுதான். நான்கு பக்கப் படிவத்தோடு வீடு வீடாகப் போக வேண்டும். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, போன மாதம் யாருக்காவது காய்ச்சல் வந்ததா, பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து போட்டாயிற்றா என்று மூன்று பக்கம் போகும். ஆமாம் என்றால் 1, இல்லை என்றால் 2. நான்காவது பக்கத்தில்தான் வில்லங்கம். எய்ட்ஸ் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? நீங்களோ வீட்டில் மற்றவரோ எச்.ஐ.வி. பரிசோதனை எப்போதாவது செய்துகொண்டதுண்டா? எங்கே செய்வார்கள் என்று தெரியுமா? தெரிந்துகொள்ள விருப்பமா? விருப்பம் என்று சொல்கிறவர்களுக்கு, பரிசோதனை செய்யும் இடத்தின் விலாசம் அச்சடித்த ஒரு துண்டுச்சீட்டைக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: ‘செய்துகொண்டவரிடம் முடிவைக் கேட்கக் கூடாது.’

பயிற்சியின்போது நான் கையைத் தூக்கி, முடிவு தெரியாமல் இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்டேன். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பேர் பரிசோதனைக்குப் போகிறார்கள், எந்தப் பகுதியிலிருந்து யாருமே போவதில்லை என்பது தெரிந்தால் போதும், அதை வைத்துத்தான் அடுத்த பரிசோதனை அறையை எங்கே திறப்பது என்று யோசிப்பார்கள் என்றார் பயிற்சி கொடுத்தவர். எனக்கு அந்தப் பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. புள்ளியியல் படித்தவள் நான், எனக்குத் தெரியாததா என்ற மிதப்பு இருந்த காலம் அது.

மண்ணூர்பேட்டையில் எனக்கு ஒதுக்கியது ஒரு தெருவும் அதை ஒட்டிய லைன் வீடுகளும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், நடுவில் ஒரு பொதுக்குழாய். முதல் வீட்டில் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு அம்மா மூன்று பக்கத்துக்கும் நன்றாகவே பதில் சொன்னார். நான்காவது பக்கத்தில் முதல் கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். அவர் முகம் மாறிவிட்டது.

“குடும்பத்துப் பொம்பளையாண்ட வந்து கேக்கற கேள்வியா இது? கௌம்பு மொதல்ல.”

கதவு என் மூக்குக்கு நேராகச் சாத்தப்பட்டது. குழாயடியில் குடத்தோடு நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கல்லூரியில் ஒரு தடவைகூடத் திட்டு வாங்காதவள் நான். காது சூடாகிவிட்டது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

அடுத்த வீட்டிலிருந்து நான் செய்தது அயோக்கியத்தனம். இன்றைக்கு அதற்கு வேறு பெயர் வைக்க நான் தயாரில்லை. மூன்றாம் பக்கத்தோடு கேள்விகளை நிறுத்திக்கொண்டேன். ஆனால் கையெழுத்து வாங்கும் இடம் நான்காம் பக்கத்தின் அடியில் இருந்தது. அதனால் கையெழுத்துப் போடும் கோடு மட்டும் தெரிகிற மாதிரி தாளை மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நீட்டுவேன். யாரும் விரித்துப் பார்க்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் நான்காம் பக்கத்தை நானே நிரப்புவேன். கேள்விப்பட்டதுண்டா, இல்லை. செய்துகொண்டதுண்டா, இல்லை. தெரியுமா, இல்லை. விருப்பமா, இல்லை. கேட்டிருந்தாலும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கொடுக்காத துண்டுச்சீட்டுகள் கத்தையாக மிஞ்சின. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று அம்மா அவற்றில் மளிகைச் சாமான் பட்டியல் எழுத ஆரம்பித்தார்.

அந்த லைனில் கடைசி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ஓரிரண்டு வயது குறைவாக இருக்கும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. ஐந்து மாதக் கர்ப்பம். நான் போன அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். பாய் விரித்து உட்கார வைத்து, கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தாள். மூன்று பக்கத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நான் வழக்கம்போல் தாளை மடித்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அவ்ளோதானா சிஸ்டர்? வேற இன்னாவும் கேக்க வேணாமா?”

அவ்வளவுதான் என்றேன். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டாள் போலிருக்கிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, பேனாவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் மாட்டிக்கொண்டது மையினால். கணக்கெடுப்புக்குக் கொடுத்தது நீலப் பேனா. வீட்டில் நான் எழுதியது அப்பாவின் கறுப்புப் பேனாவால். எங்கள் சூப்பர்வைசர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், எதற்கெடுத்தாலும் மேலிடத்துக்குப் பயப்படுகிற மனிதர். என் படிவக் கட்டை விசிறி மாதிரி விரித்துப் பார்த்தார். மூன்று பக்கம் நீலம், நான்காவது மட்டும் கறுப்பு, அதிலும் முதல் வீட்டைத் தவிர எல்லாமே 2. அவருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. வேலை போயிற்று என்று நான் நினைத்தேன். அவர் சொன்ன யோசனை வேறு மாதிரி இருந்தது.

“எல்லாத்தையும் ஒரே மையில மாத்தி எழுதி, திரும்பக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. மேல பார்த்தா எனக்குத்தான் திட்டு.”

எனக்கு உயிர் வந்தது. ஒரு சனிக்கிழமை பூராவும் உட்கார்ந்து எல்லாப் படிவத்தையும் புதுத் தாளில் நீல மையில் அழகாக மாற்றி எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு. அத்தனை 2-களும் ஒரே அளவில் வரிசையாக நின்றன.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் மண்ணூர்பேட்டைக்குப் போனேன். பழைய தாள் கிழிந்துவிட்டது என்று சொன்னேன். யாரும் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் கைநாட்டு வைத்தார்கள். கடைசி வீட்டுக்கு வந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். நான் கட்டைவிரலை எடுத்ததும் மடிப்பை விரித்தாள்.

அதுவரை ஒருவரும் விரித்ததில்லை. அவள் ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்துக்கொண்டு போனாள். தமிழில்தானே அச்சடித்திருந்தது. கடைசிக் கேள்வியில் விரல் நின்றது.

“எங்க பண்ணிக்கலாம்னு தெரிஞ்சிக்க விருப்பமான்னு போட்டுகீது. ரெண்டுன்னா இல்லன்னு அர்த்தமா?”

ஆமாம் என்றேன்.

“இத நீங்க என்னாண்ட கேக்கவே இல்லியே, சிஸ்டர்.”

குரலில் கோபம் இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் எழுந்து போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் கணவர் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர். கூட வேலை செய்த ஒருவரின் கை மெஷினில் மாட்டிக்கொண்டபோது ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க ஐந்து பேர் போயிருக்கிறார்கள். முதல் நாள் சாம்பிள் எடுத்துக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் நான்கு பேரிடம் எடுத்துக்கொண்டு, இவருடையது மட்டும் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். என்ன காரணம் என்று இவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, என் ரத்தம் ருசியில்லையாம் என்று சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் மனைவியிடம் சரியாகப் பேசுவதில்லை. டாக்டரிடமும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எய்ட்ஸ் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் படித்துப் படித்து இவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரிடம் கேட்பது? லைன் வீட்டில் ஒரு வாயிலிருந்து விழுந்தால் பத்துக் காதுக்குப் போய்விடும். அப்போதுதான் கூடத் தைக்கிற, கொரட்டூரில் இருக்கிற ஒரு பெண் சொல்லியிருக்கிறாள்: கணக்கெடுக்க வருகிறார்கள், அந்த வியாதியைப் பற்றி அவர்களே கேட்கிறார்கள், எங்கே போக வேண்டும் என்று சீட்டும் கொடுக்கிறார்கள் என்று. தன் தெருவுக்கு என்றைக்கு வருவார்கள் என்று விசாரித்து, அதற்காகவே லீவு போட்டுவிட்டு இருந்திருக்கிறாள்.

அவள் எனக்காக லீவு போட்டிருக்கிறாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நான் அந்தக் கேள்விக்கு வருவேன் என்று மூன்று பக்கம் காத்திருந்திருக்கிறாள். நான் தாளை மடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

மஞ்சள் காமாலை மாதிரி வேறு எத்தனையோ காரணத்துக்கும் ரத்தம் வேண்டாம் என்பார்கள் என்று பயிற்சியில் கேட்டதை அவளிடம் சொன்னேன். அது உண்மைதான். அவள் தலையாட்டினாள்.

“இருக்கலாம். அத யாருனா தெரிஞ்சவங்க சொல்லட்டும். எனுக்காகக்கூட இல்ல சிஸ்டர். இது பொறக்கறதுக்குள்ள தெரியணும்.”

வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பையைக் கவிழ்த்துத் தேடியதில் ஒரே ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. அதன் பின்னால் அம்மாவின் கையெழுத்தில் துவரம்பருப்பு அரைக் கிலோ, சீரகம், சலவை சோப்பு. வேறு வழியில்லை, அதையே கொடுத்தேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பேர் சொல்லணுமா என்று கேட்டாள். வேண்டாம், நம்பர்தான் போடுவார்கள் என்றேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வர முடியுமா என்று கேட்டாள். வருகிறேன் என்று சொன்னேன். அதைவிடக் குறைவாக நான் என்ன செய்திருக்க முடியும்?

அன்று வாங்கிய கையெழுத்துகளையெல்லாம் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போய், எதுவும் செல்லாது, புதுப் படிவம் வேண்டும், மறுபடி கேட்கப்போகிறேன் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். தாமதமானால் யார் பதில் சொல்வது என்று புலம்பினார். ஆனால் படிவங்களை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது முறையாக அதே கதவுகள். இந்தத் தடவை எல்லோரிடமும் எல்லாம் கேட்டேன், குழாயடியில் கேட்காமல் உள்ளே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள், திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். நான் ஒன்றும் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டியிருந்த பலருக்கு நிறையவே தெரிந்திருந்தது. சிலர் என்னைத் திருப்பிக் கேட்ட கேள்விக்கு எனக்குத்தான் பதில் தெரியவில்லை. முதல் நாள் என் முகத்தில் கதவைச் சாத்திய அம்மாவிடமும் போனேன். அவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, “என் புள்ள பண்ணிகினான். துபாய் போறதுக்கு மெடிக்கல்னு எடுத்தாங்க. எய்திக்கோ, ஆனா யாராண்டயும் சொல்லாத” என்றார். என் படிவக் கட்டில் விழுந்த முதல் 1 அந்த வீட்டில்தான்.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் கடைசி வீட்டுப் பெண்ணும் நானும் மின்சார ரயில் ஏறினோம். அடுத்த தெருவில் இருந்த மாமியாரிடம் கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். அதில் பொய் எதுவும் இல்லை என்று ரயிலில் என்னிடம் சொன்னாள். நகரத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை, அதன் பின்கட்டில் பெயர்ப் பலகைகூட ஒழுங்காக இல்லாத ஒரு அறை. நானும் உள்ளே நுழையப் பார்த்தேன். அங்கிருந்த பெண் ஊழியர் நீங்கள் யார் என்று கேட்டு, வெளியே இருங்கள் என்றார். நான் சர்வே எடுக்கிறவள் என்றேன். அப்படியானால் கண்டிப்பாக வெளியேதான் என்றார். மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து முடிவு வாங்கவும் கூடப் போனேன். அன்றைக்கு அவள் உள்ளே போய் வெகு நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க நான் எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. கையில் மடித்த ஒரு தாள். முகத்தைப் பார்த்தேன், எதுவும் தெரியவில்லை. அழுதிருக்கலாம், முகம் கழுவியிருக்கலாம். அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, “போலாம் க்கா. பசிக்குது” என்றாள். சிஸ்டர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அன்றுதான் முதல் முறையாக அக்கா என்றாள்.

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் தயிர்சாதம் சாப்பிட்டோம். முடிவு என்ன என்று கேட்டுவிடலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறேன், எனக்குக் கேட்க உரிமை இல்லையா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அப்போது நான்காம் பக்கத்துக் கட்டத்தில் போட்டிருந்த வரி ஞாபகம் வந்தது. பயிற்சியில் நான் எகத்தாளமாகக் கேள்வி கேட்ட அதே வரி. ஊறுகாயை அவள் பக்கம் நகர்த்தினேன்.

ரயிலில் வில்லிவாக்கம் தாண்டும்போது அவளாகத்தான் பேசினாள்.

“அன்னிக்கு நீ கேக்காம போனப்போ ரொம்பக் கோவம் வந்துச்சு க்கா. இன்னிக்கும் நீ கேக்கல. இது நல்லா கீது.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதை அவள் பார்த்திருப்பாள், ஆனால் அவளும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் இரண்டாவது சுற்றுக் கணக்கெடுப்பு வந்தது. முதல் தடவைக்கும் இதற்கும் எத்தனை பேர் கூடுதலாகப் பரிசோதனைக்குப் போயிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. மண்ணூர்பேட்டையை எனக்கே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைசி வீட்டில் தூளியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதே பாய், அதே டீ. நான் முறைப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். என் கண் சும்மா இருக்கவில்லை. அலமாரியில் மருந்து டப்பா இருக்கிறதா, குழந்தைக்குப் புட்டிப்பாலா என்று தேடப் போனது. தாய்க்குத் தொற்று இருந்தால் தாய்ப்பால் வேண்டாம் என்பார்கள் அப்போது. போன கண்ணை இழுத்துப் பிடித்துத் தாளில் வைத்தேன். எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டதுண்டா என்று கேட்டபோது அவள் சிரித்தாள். உனக்கே தெரியுமே என்றாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

“ஒண்ணு போட்டுக்கோ க்கா. எங்கூட்டுக்காரருக்கும் ஒண்ணு போடு. நான்தான் இட்டுகினு போனேன், அந்த துவரம்பருப்பு சீட்ட எடுத்துகினு.”

இரண்டு 1-களையும் அவள் முன்னாலேயே நீல மையில் எழுதினேன். தாளை மடிக்காமல் அப்படியே கையில் கொடுத்தேன். அவள் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவள் மடித்து வைத்துக்கொண்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதும் இன்றுவரை தெரியாது. நான் இதே கணக்குத் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்து, இப்போது ஐம்பது வயதை ஒட்டி இருக்கிறேன். எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது, நீலமும் கறுப்பும் கிடையாது. ஆனாலும் ஏதாவது ஒரு தெருவிலிருந்து ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று வரிசையாக வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அந்தத் தெருவில் ஏதோ ஒரு வீட்டில், டீயைப் போட்டு வைத்துவிட்டு, இப்போதாவது கேட்பார்களா என்று ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள் என்றே தோன்றுகிறது, உடனே ஆளை அனுப்பி மறுபடி கேட்டு வரச் சொல்கிறேன்.